கருந்துளைக்கு வைத்த பொட்டு

சண்முகவடிவுக்கு இன்னும் ஒரே ஒரு படம்தான் பாக்கி. அதை வரைந்து முடித்ததும் அடையாறு ஆய்வுக்கூட வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, தி.நகரில் குடும்ப ஜவுளிக்கடைக் கல்லாவில் போய் உட்கார வேண்டும். புருஷன் பொன்ராஜின் தீர்ப்பு அது. கத்தாமல், சோறு பிசைந்துகொண்டே சொன்னான். அப்படிச் சொல்கிறவர்களிடம் சண்டை போடவும் வழியில்லை.

படம் கருந்துளையுடையது. வெளிச்சம்கூடத் தப்ப முடியாத ஒன்றை எப்படி வரைவது என்று கேட்டாள்.

"அதை வரைய வேண்டாம்மா. சுத்திச் சுழல்ற வாயுவை வரைங்க, அது தானா தெரியும்," என்றார் பேராசிரியர் மாணிக்கவாசகம்.

வாயு என்னவோ தட்டையான வளையமாகத்தான் சுழல்கிறது. பின்பக்கத்து ஒளி வளைந்து மேலேறி வருவதால், துளையின் தலைக்கு மேல் அது வில்லாகத் தெரியும். நம்மை நோக்கி விரைந்து வரும் பக்கம் பளிச்சென்று இருக்கும், விலகி ஓடும் பக்கம் மங்கும். நடுவில் இருட்டு. கம்ப்யூட்டர் தந்த எண்களைப் பார்த்து, வெளிச்சம் விழும் இடத்திலெல்லாம் வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் புள்ளி வைக்க வேண்டும். அதைப் போட்டோ எடுத்தால் நெகடிவ்வில் புள்ளிகள் ஒளியாகும், வெறுந்தாள் இருட்டாகும். பேராசிரியரின் சொற்பொழிவுக்கும் வேண்டும், கட்டுரைக்கும் வேண்டும்.

தினமும் மாம்பலத்தில் ரயில் ஏறி, சைதாப்பேட்டையில் இறங்கி, பஸ் பிடித்துப் போய்ப் புள்ளி வைத்தாள். அவளுடையது வேகமான கை. அதை வேண்டுமென்றே ஆமையாக்கினாள். அப்படியும் தாள் நிறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு புள்ளியும் தன்னைக் கல்லாவுக்கு ஓரடி இழுத்துப் போகிறது என்று தெரிந்தே வைப்பது என்ன கொடுமை.

முடிந்த படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, சுருட்டி பீரோ மேல் வைத்தாள். மறுநாள் பிரித்துப் பார்க்க மனசில்லாமல் அப்படியே மயிலாப்பூர் ஸ்டூடியோவில் நெகடிவ் ஸ்லைடு எடுக்கக் கொடுத்தாள்.

சொற்பொழிவும் மயிலாப்பூரில்தான். பொன்ராஜும் வந்திருந்தான். கடைசி நேரத்தில் கைக்கு வந்த ஸ்லைடை, விளக்கணைத்துப் போட்டார்கள். வில்லும் வளையமும் அச்சாக வந்திருந்தன. ஒளியே வரக்கூடாத நடு இருட்டில் மட்டும் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வெளிச்சம் ஜொலித்தது. கூட்டம் சிரித்தது.

ஸ்டூடியோ திருப்பி அனுப்பியிருந்த தாளைப் பேராசிரியர் பிரித்துப் பார்த்தார். நட்ட நடுவில் கண்மைப் பொட்டு. மாமியார் இசக்கியம்மாள் வைத்த திருஷ்டிப் பொட்டு. வீட்டுக்குள் அழகாக எது வந்தாலும் மைச்சிமிழோடு வந்துவிடுகிறவள்.

"பிளேடால சுரண்டினா போயிடுமாம்மா?"

போய்விடும். பிளேடு அவள் பையிலேயே இருந்தது.

"எண்ணெய் இறங்கிடுச்சு சார். சுரண்டினா தாள் பொத்துக்கும். புதுசாத்தான் போடணும்."

"எவ்வளவு நாளாகும்?" என்றான் பொன்ராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு.

"புள்ளி புள்ளியா வைக்கணும்ல."

வீட்டுக்கு வந்ததும் அவன் அம்மாவிடம் எகிறினான். அந்தக் கல்லாவிலேயே தன் வயசையெல்லாம் கழித்தவள் இசக்கியம்மாள். அவன் கை கழுவப் போனதும் மருமகள் பக்கம் திரும்பினாள்.

"ஏளா, அடுத்த படம் முடிஞ்சதும் மறக்காம வீட்டுக்குக் கொண்டாந்துரு," என்றாள். "கண்ணு பட்டுரும்லா."