அவனுக்கு வலிக்கட்டும் ஐயா

பக்தர்களே, கிள்ளானில் என் வீட்டு வாசலில் நடந்ததைச் சொல்கிறேன். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் எங்கள் நாய் கறுப்பனை ஒரு லோரி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. ரத்தம் அதிகமில்லை. ஆனால் பின்னங்கால்கள் எழவில்லை. இடுப்பைச் சிமென்ட் தரையில் இழுத்துக்கொண்டே என்னிடம் வந்தான். அந்தச் சத்தம் இன்னும் என்னை விடவில்லை.

வாரி எடுக்க ஓடினேன். "தூக்காத! முதுகுல பட்டிருக்கு, பலகையக் கொண்டா!" என்று என் கணவர் கத்தினார். துணி தேய்க்கும் பலகையில் கிடத்தி, துண்டால் கட்டி, மிருக கிளினிக்குக்குக் கொண்டுபோனோம்.

டாக்டரம்மா அவன் பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தினார். கால் வெடுக்கென்று உள்ளே போனது.

"முனியாண்டி ஐயா காப்பாத்திட்டாரு!" என்று கைகூப்பினேன்.

"இல்லக்கா, கால் தானா இழுத்துக்குது. அவன் மூஞ்சியப் பாருங்க, அவனுக்கு வலியே தெரியல. வலிச்சா கத்தணும், கடிக்க வரணும். நாளைக்குத் திரும்பப் பார்ப்போம். அப்பவும் தெரியலன்னா ரொம்பக் கஷ்டம் லா. ஊசி போட்டு ஒரேயடியாத் தூங்க வைக்கிறதப் பத்தி யோசிக்கணும்."

நேராக எங்கள் முனியாண்டி கோயிலுக்குப் போனேன். சுருட்டுக் கொளுத்தி வைத்தேன். பிள்ளைக்குக் காய்ச்சலோ, எனக்கு முட்டிவலியோ, "வலியை எடு ஐயா" என்றுதான் இத்தனை காலம் கேட்டிருக்கிறேன். அன்று, "அவனுக்கு வலிக்கட்டும் ஐயா, நல்லா வலிக்கட்டும்" என்று அழுதேன். ஐயாவின் காலடியில் இருக்கும் சிமென்ட் நாயை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் அவன் தலையை நான்தான் பிடித்துக்கொண்டேன். என் முகத்தையே பார்த்தான். டாக்டரம்மா அழுத்தினார். ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தினார்.

அலறினான். திரும்பி என் மணிக்கட்டைக் கவ்விவிட்டான்.

"அழாதீங்கக்கா, இது நல்லது லா!" என்றார் டாக்டரம்மா. அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

பிறகு பல வாரம் கூண்டுக்குள் அசையாமல் வைத்திருந்தோம். புண் வராமல் புரட்டிப் போட்டேன். அடிவயிற்றை அழுத்திச் சிறுநீர் எடுத்துவிட்டேன். நாய் வளர்த்தேனே தவிர, நாயைத் தொட்டுப் பராமரித்தது அப்போதுதான். இன்று கோணலாக நடக்கிறான். நடக்கிறான், ஐயாவுக்குக் கோடி நன்றி.

உங்கள் வீட்டு வாயில்லா ஜீவன் அடிபட்டால் பதறி வாரித் தூக்காதீர்கள். பலகையில் கிடத்துங்கள், டாக்டரிடம் ஓடுங்கள், ஐயாவைக் கூப்பிடுங்கள். நம்புங்கள், வருவார்.

கறுப்பன் இப்போதும் தூக்கத்தில் சில சமயம் அதே மாதிரி அலறுவான். நான் கேட்டதைத்தான் ஐயா கொடுத்தார். முதலில் கைகூப்புவேன். பிறகு காதைப் பொத்திக்கொள்வேன்.