மொசியே கேட்ட நன்றி

மொசியே அந்துவான் இறந்த செய்தியை முன்பு எங்கள் தெருவில் இருந்த ஜசிந்தா தொலைபேசியில் சொன்னபோது நான் சங்கரா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தேன். வைத்திக்குப்பத்து மீன்காரி அப்போதுதான் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஈரக் கையோடு ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"காலைல காப்பி குடிச்சிட்டு நாற்காலில உக்காந்தாராம் அக்கா. அப்படியே போயிட்டாரு."

"சரி" என்று சொல்லி வைக்கப் போனேன்.

"வச்சிடாதீங்க. நம்ம கோயில் பங்கு மடல்ல அவரப் பத்தி எழுதணுமாம். ஃபாதர் உங்களத்தான் கேக்கச் சொன்னாரு."

"எனக்கும் அவருக்கும் ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்கும் தெரியும், ஃபாதருக்கும் தெரியும். தெரிஞ்சிதான் கேக்கறாரு."

அடக்கம் முடிந்த பிறகு ஃபாதரிடம் நானே பேசினேன். புகழ்ந்து எழுத எனக்கு வராது என்றேன். "உள்ளத எழுதுங்கம்மா. எழுதினத அப்படியே போடுறேன்" என்றார். ஆகவே எழுதுகிறேன். மொசியேவை நேசித்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். கோபம் வந்தால் ஃபாதரிடம் போய்ச் சொல்லுங்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். மொசியே என்றால் பிரெஞ்சில் ஐயா; எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம், அவர் என்னை மதாம் என்பார். பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பி, உப்பளம் பகுதியில் எங்கள் தெருக்கோடியில் வீடு கட்டிக் குடியேறியவர். தேய்த்த வெள்ளைச் சட்டை, இறுக்கிக் கட்டிய கைக்கடிகாரம், எதற்கும் முதலில் ஒரு 'போன்'. நல்லது என்று பிரெஞ்சில் அர்த்தம்; அவர் வாயில் அது நல்லதாக ஒலித்ததே இல்லை. எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு வீட்டில் கூடிச் செபிக்கிறோமே, அந்த அன்பியத்துக்கு அவர் வந்த வருடமே தலைவரானார். யாரும் தேர்ந்தெடுத்ததாக எனக்கு நினைவில்லை. அதற்கு முன் அந்தக் கூட்டம் செபமாலை, ஒரு வாசகம், சுண்டல், ஊர்ப்பேச்சு என்று போய்க்கொண்டிருந்தது. சுண்டலை அவர் முதல் மாதமே நிறுத்தினார்.

ஆண்டின் கடைசியில் நன்றி வழிபாடு என்று ஒன்றைத் தொடங்கிவைத்தவரும் அவர்தான். ஒவ்வொருவரும் எழுந்து நின்று, அந்த ஆண்டில் ஆண்டவர் தனக்குச் செய்த நன்மை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்றே ஒன்று, பெயர் சொல்லி. தையல்காரர் மனைவி செல்வி ஒரு வருடம் எழுந்து, "எல்லாத்துக்கும் நன்றி ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு உட்காரப் போனாள். அந்த வருடம் அவளுக்குக் கருக்கலைந்திருந்தது. எங்கள் எல்லோருக்கும் தெரியும். மொசியே அவளை உட்கார விடவில்லை. "எல்லாத்துக்கும் நன்றின்னு சொல்றது, கடையில போயி எல்லாத்தையும் குடுன்னு கேக்கற மாதிரி. ஒண்ணச் சொல்லும்மா" என்றார். அவள் நின்றாள். கண்ணில் நீர் வழிய வழிய நின்று, கடைசியில், "தையல் மிஷின் ரிப்பேர் ஆகல" என்றாள். "போன்" என்றார் மொசியே. சிலர் கைதட்டினீர்கள். யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது.

புலம்பலுக்கு அங்கே அனுமதி இல்லை. யாராவது கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கினால், "அதையெல்லாம் உங்க வீட்டுக் கொல்லையில வச்சிட்டு வாங்க. இங்க நன்றி மட்டும்தான்" என்பார். கடந்த வருட நன்மைகளை நினைத்துப் பார்த்தால்தான் வரும் வருடத்துக்கு ஆன்மா புதிதாகும் என்பது அவர் சித்தாந்தம். அதைத் தப்பென்று சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. ஆனால் நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். அடித்து ஒப்பிக்கவைத்த செய்யுள் பிள்ளைகளின் மனதில் எத்தனை நாள் நிற்கும் என்பது எனக்குத் தெரியும்.

அவர் செய்த உதவிகளை நான் மறைக்கவில்லை. காரில் எத்தனையோ பேரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் அவர்களையே எழுப்பி அதைச் சொல்லவும் வைத்திருக்கிறார்.

சுனாமிக்கு அடுத்த வருடம் என் கணவர் ரொபேருக்குப் பக்கவாதம் வந்தது. ரொபேரை உங்களுக்குத் தெரியும். பூசையில் பாடகர் குழு எவ்வளவு கத்தினாலும் அதற்கு அடியில் அவர் குரல் தனியாகக் கேட்கும். வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு போனது. சொல்ல நினைப்பது அவருக்குள் இருந்தது, வாய்க்கு வரவில்லை. தண்ணீர் என்று சொல்ல முயன்று வேறு ஏதோ ஓசை வரும். உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வார். வெளியாள் வந்தால் உள்ளறைக்குப் போகச் சைகை காட்டுவார்.

அந்த வருட நன்றி வழிபாடு எங்கள் வீட்டு முறை. வேண்டாம் என்று மொசியேவிடம் சொன்னேன். "கஷ்டம் வந்த வீட்டுலதான் மதாம் நன்றி சொல்லணும்" என்றார். எல்லோரும் வந்தீர்கள். ரொபேர் சக்கர நாற்காலியில், சட்டைக்கு மேல் துண்டோடு, சுவரோரம் இருந்தார். ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தார்கள். மொசியே எழுந்து ரொபேருக்கு எதிரே போய் நின்றார்.

"ரொபேர், நீங்க."

"அவரால முடியாது. நான் சொல்லிடறேன்" என்றேன்.

"உக்காருங்க மதாம். அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவுல நீங்க யாரு?"

எல்லோரும் காத்திருந்தோம். ரொபேரின் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு கோணியது. எச்சில் வழிந்து துண்டில் விழுந்தது. மொசியே தன் கைக்குட்டையை எடுத்து அவர் வாயைத் துடைத்துவிட்டு மறுபடியும் நின்றார். "அவசரம் இல்ல" என்றார். ரொபேர் அவரை நிமிர்ந்து பார்த்து, "சே" என்றார். எனக்கு அப்படித்தான் கேட்டது. அருவருப்பில் நாம் எல்லோரும் சொல்வோமே, அந்தச் சே. நான் எழுந்து கத்தினேன். "போதும். எல்லாரும் என் வீட்ட விட்டு எந்திரிச்சிப் போங்க."

நீங்கள் போனீர்கள். மொசியே கடைசியாகப் போனார். வாசலில் நின்று, "போன வருச நன்மைய மதிக்காதவங்களுக்கு வர்ற வருசம் எதுவும் நிக்காது மதாம்" என்றார். வருடம் பிறந்து தவக்காலம் முடிவதற்குள் ரொபேர் இரண்டாவது பக்கவாதத்தில் இறந்தார்.

இறந்த வீட்டுக்கும் மொசியே வந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை என்பது போல உட்கார்ந்திருந்தேன். யாரையும் கேட்காமல் உடலின் தலைமாட்டில் நின்று செபமாலை தொடங்கினார். முடிந்ததும், ரொபேருக்கு ஆண்டவர் செய்த நன்மைகளை வரிசையாகச் சொன்னார்: நல்ல வேலை, நல்ல குரல், சொந்த வீடு, பொறுமையான மனைவி. அந்தப் பொறுமையான மனைவி அன்று எழுந்து அவரை அடிக்காமல் இருந்ததற்குக் காரணம் என் தங்கை என் கையை இறுகப் பிடித்திருந்ததுதான்.

அதன் பிறகு அன்பியத்துக்குப் போவதை நிறுத்தினேன். கொஞ்ச நாளில் கோயிலுக்குப் போவதும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும். நான் துணி ஊறவைத்துக்கொண்டிருப்பேன். ஒரு மாலை மொசியே என் வீட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். பங்கில் புதுப்பித்தல் தியானம் நடக்கப்போவதாகச் சொன்னார். நான் கேட்டைத் திறக்கவில்லை.

"ஆண்டவர் மேல கோவமா மதாம்?"

"உங்க மேல."

"போன். அப்ப கோயிலுக்கு வர்றதுக்கு என்னா?"

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அந்தக் கேள்வி தந்த எரிச்சல் பல நாள் இருந்தது. இந்த ஆளுக்காக நான் ஏன் பூசையை விட வேண்டும் என்று ஒரு நாள் தோன்றியது. தியானத்துக்குப் போகவில்லை. அவர் ஞாயிறு எட்டு மணிப் பூசைக்கு வருகிறவர். நான் வார நாளின் விடியற்காலைப் பூசைக்குப் போகத் தொடங்கினேன். பக்தியால் போனேன் என்று சொல்லமாட்டேன். அவர் இல்லாத நேரம் என்று பார்த்துத்தான் போனேன்.

போய் உட்கார்ந்து அவர் தடைசெய்த காரியத்தைச் செய்தேன். புலம்பினேன். அவர் கொல்லையில் வைத்துவிட்டு வரச் சொன்னதை எல்லாம் பீடத்துக்கு முன்னால் கொண்டுபோய்க் கொட்டினேன். ரொபேரின் பேச்சை ஏன் எடுத்தீர், எடுத்தபின் உயிரை ஏன் சில மாதம் விட்டுவைத்தீர், அந்த மனிதரை ஏன் எங்கள் தெருவில் குடிவைத்தீர் என்று கேட்டேன். அது செபமா என்று தெரியாது. ஆனால் யாரிடமும் அத்தனை நாள் அவ்வளவு பேசியதில்லை. பதில் வரவில்லை. வாயை மூடு என்றும் யாரும் சொல்லவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள், வீடு சத்தமில்லாமல் கிடக்கிறதே என்று முறையிட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் என்றதும் ரொபேர் சவரம் செய்துகொண்டே பாடுவது ஞாபகம் வந்தது. பாட்டில் மேலே போகும் இடத்தில் தாடையை வெட்டிக்கொள்வார். ரத்தம் நிற்க நாளிதழைக் கிழித்து ஒட்டிக்கொண்டு, அதை எடுக்க மறந்து, தாடையில் சினிமா விளம்பரத்தோடு அலுவலகம் போய்விடுவார். கோயிலில் உட்கார்ந்து நான் சிரித்துவிட்டேன். முன்வரிசை அம்மாள் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. நான் தேடவில்லை, யாரும் என்னை எழுப்பி நிறுத்தவும் இல்லை. அடுத்து வந்த ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்து, நீண்ட நாளுக்குப் பிறகு நற்கருணை அப்பமாகிய நன்மை வாங்கினேன். என் ஆன்மா புதிதானது என்றால் இப்படித்தான் புதிதானது. மொசியே அடைத்துவைத்திருந்த கதவு வழியாகத்தான் நான் உள்ளே போனேன். அவர் தடுத்ததால் அந்தக் கதவுக்கு வராமலே திரும்பியவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. செல்வி இப்போது எந்தக் கோயிலுக்கும் போவதில்லை.

கடைசியாக மொசியேவை நான் பார்த்தது இந்த வருடத் தவக்காலத்தில். சர்க்கரை நோயில் அவர் கால் விரல்களை எடுத்திருந்தார்கள். மகள் பிரான்சில். பகலில் சமையலுக்கு வரும் பெண்ணைத் தவிர வீட்டில் யாரும் இல்லை. நோயாளியைப் பார்க்கப் போகிறவள் பழமோ ரொட்டியோ வாங்கிப் போவாள். நான் வெறுங்கையோடு போனேன். பார்க்கப் போகவில்லை, அவர் கண்ணை மூடுமுன் ஒன்றைச் சொல்லிவிடப் போனேன்.

"வாங்க மதாம். உக்காருங்க."

"உக்கார வரல. என் வீட்டுக்காரர அத்தன பேர் முன்னால அசிங்கப்படுத்தினீங்க. அத உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் கட்டுப்போட்ட காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"அசிங்கப்படுத்தல மதாம். அவரப் பேச வச்சேன்."

"என்னா பேசினாரு? உங்களப் பாத்து சேன்னாரு. துப்பல, அவ்ளோதான்."

"இல்ல. உங்க பேரச் சொன்னாரு. சேசில். பாதிதான் நல்லா வந்துது. நன்றிக்கு ஒண்ணச் சொல்லுங்கன்னேன், உங்க பேரச் சொன்னாரு."

என் பெயர் சேசில். அதில் முதலெழுத்து சே என்பது அந்த நிமிடம் வரை எனக்குத் தோன்றவே இல்லை.

"இத்தன வருசம் ஏன் சொல்லல?"

"எந்திரிச்சிப் போங்கன்னீங்க. போயிட்டேன்."

"அப்புறம் கேட்டுக்கு வந்தீங்களே. அப்ப வாய் இல்லையா?"

"நீங்க தொறக்கல."

மன்னியுங்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் திரும்பும்போது, "வெயில் மூஞ்சில அடிக்குது, அந்த ஜன்னலச் சாத்திட்டுப் போங்க மதாம்" என்றார். சாத்திவிட்டு வந்தேன். அதற்குமேல் நாங்கள் பேசியதில்லை.

மறுநாளே பஸ் பிடித்து மூலக்குளத்தில் ஜசிந்தா வீட்டுக்குப் போனேன். அந்த மாலை ரொபேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்.

"சேன்னு கேட்டுது அக்கா" என்றாள். "அதுக்கப்புறமும் என்னமோ வந்துது. நீங்க சத்தம் போட்டீங்களா, அதுல மறஞ்சிட்டுது."

இன்று அதே நிலையில் ரொபேரை யாராவது நிறுத்தினால் நான் அதே சத்தம்தான் போடுவேன். இதை வருத்தப்பட்டுச் சொல்லவில்லை.

மொசியே சொன்னது உண்மை என்றால், ஒரு பெண்ணின் கணவன் அவளுக்காகக் கடைசியாகச் சொன்ன வார்த்தையைத் தன் வீறாப்புக்காக இத்தனை வருடம் தன் வீட்டில் பூட்டிவைத்திருந்த மனிதர் அவர். பொய் என்றால், சாகும் நேரத்தில் என் வாயை அடைக்க இறந்தவன் மேல் பொய் சொன்னவர். இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக அது மாறவில்லை. உப்பளம் கல்லறையில் எல்லோரும் மண் போட்டார்கள், நானும் போட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று ஃபாதர் கேட்டார். அந்த ஒரு பேச்சுதான் மிஞ்சியிருக்கிறது: "உங்க பேரச் சொன்னாரு." நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். சில காலைகளில் நம்புகிறேன். அதைச் சொன்ன ஆளைப் பிடிக்காமலே அதை வைத்திருக்கிறேன், திருப்பித் தரமாட்டேன்.

மொசியேவின் ஆன்மாவுக்காகத் தினமும் செபிக்கிறேன். ஆண்டவரே, இவரை மோட்சத்தில் சேர்த்துக்கொள்ளும். நரகத்துக்கு அனுப்பிவிட்டால் எனக்குப் பதில் கிடைக்காது. ரொபேர் மோட்சத்தில்தான் இருக்கிறார், இப்போது அவருக்குப் பேச்சு இருக்கும். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவையும். அன்று என்ன சொன்னார் என்று அவர்களுக்குள் பேசி முடிவுசெய்து வைக்கட்டும். நான் வந்து கேட்டுக்கொள்கிறேன்.