தோள்பட்டையும் இரண்டாவது கியரும்

என் இடது தோள் இறுகிப்போன வருடம்தான் என் காரின் இரண்டாவது கியரும் இறுகியது. இரண்டும் சேர்ந்து வந்ததால் வீட்டில் எல்லோரும் ஒன்றை மட்டும் பார்த்தார்கள். தோளை.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எங்கள் தெருக்காரர்கள் கேட்கிற கேள்வியைத்தான் நீங்களும் கேட்பீர்கள். தஞ்சாவூரில் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிற, ஐம்பதைத் தாண்டிய பொம்பளைக்கு இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு? ஆசைப்பட்டேன், வாங்கினேன். அவ்வளவுதான் பதில். பழைய ஜப்பான் வண்டி. சென்னையில் ஒருவர் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தது. இஞ்சினின் விசையெல்லாம் பின்சக்கரங்களுக்குப் போகும். ஆறு கியரும் கையால்தான் போட வேண்டும். புறவழிச்சாலையில் இரண்டாவதில் மிதித்தால் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் வாங்கினேன் என்று சொன்னால் என் கணவர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஆனி மாதத்தில் ஒருநாள் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. பிறகு ரவிக்கை போட முடியவில்லை. தோள் உறைந்துவிட்டது, சர்க்கரை உள்ளவர்களுக்கு வரும், பயிற்சி செய்தால் மெல்ல விடும் என்றார் மருத்துவர். அதுவரை கார் ஓட்டக் கூடாது. எங்கள் சந்தில் சும்மா நிறுத்தி வைத்தால் போகிற வருகிற சைக்கிளெல்லாம் கீறும் என்று, நன்னிலம் பக்கத்தில் வயலைப் பார்த்துக்கொள்கிற என் தம்பியின் டிராக்டர் கொட்டகையில் வண்டியை விட்டோம். தோள் பாதி விட்டு, மருத்துவர் மெல்ல ஓட்டலாம் என்றதும், ஆவணியில் திரும்ப எடுக்கப் போனபோது பளபளவென்று கழுவி வைத்திருந்தான். வண்டிக்கு எல்லாம் பார்த்து வைத்திருக்கிறேன் அக்கா என்றான். கழுவியதைத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்துதான் தகராறு. கியர் போடுவது இடக் கை. இரண்டாவதுக்குக் கம்பியைப் பின்னால் இழுக்க வேண்டும். தோளில் உயிர் போகிறதும் அதே அசைவில்தான். இழுத்தால் விழாது. அழுத்தி இழுத்தால் கரகரவென்று கியரின் பல் அரைபடும். காலையில் தோள் கல்லாக இருக்கும், அசைக்க அசைக்க இளகும். கியரும் காலையில் கல்லாக இருக்கும், ஓட ஓட இளகும். யாருக்குச் சந்தேகம் வரும்? எனக்கே வரவில்லை.

பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறக்காமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஒருநாள் என் கணவர் பார்த்துவிட்டார். நல்ல மனுஷன், திட்டவில்லை. "கார்ல ஒண்ணும் இல்லம்மா. உன் கைதான். ஆட்டோமேட்டிக்கா ஒண்ணு வாங்கிக்குவோம்" என்றார். அவர் அப்படித் தணிந்து சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. எரிந்து விழுந்திருந்தால் பதிலுக்கு நானும் விழுந்திருப்பேன். சரி, விற்றுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வாங்குவதற்கு அதிராம்பட்டினத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர், வண்டிகள் தெரிந்தவர். காலை ஏழு மணிக்கே வந்து, ஆறிக் கிடந்த வண்டியை எடுத்துப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். இறங்கும்போது முகம் சரியில்லை.

"செகண்ட் கியர் ரொம்ப டைட்டா இருக்கு மேடம். கரகரங்குது. கியர்பாக்ஸைப் பிரிக்கணும் போல."

விலையைக் குறைக்கத்தான் சொல்கிறார் என்று என் கணவர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். எனக்கு வேறொன்று கேட்டாக வேண்டியிருந்தது.

"தம்பி, உங்க தோள்ல ஏதும் வலி இருக்கா?"

அவர் விழித்தார். இல்லையே மேடம், தினமும் ஜிம்முக்குப் போகிறேனே என்றார். எனக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல் இருந்தது. அத்தனை பேரும் என் கை, என் கை என்று சொன்ன இடத்தில், தூண் மாதிரி தோள் வைத்திருக்கிற பிள்ளை வந்து, எனக்கும் விழவில்லை என்கிறது! அதோடு நிறுத்தவில்லை அவர். ஒடித்துத் திருப்பினால் பின்பக்கம் கடகடவென்று உதறுகிறது என்றார். அந்த உதறலை நானும் கேட்டிருந்தேன், சந்தில் பதித்த கல்லின் சத்தம் என்று விட்டிருந்தேன். என் தோள் என்னவானாலும் பின்சக்கரத்தில் இல்லையே.

விற்கவில்லை என்று சொன்னேன். என் கணவர் என்னை உள்ளே கூப்பிட்டார். கியர்பாக்ஸைப் பிரித்தால் உதிரிபாகம் கடல் தாண்டி வர வேண்டும், வருடக்கணக்கில் வண்டி ஓடாமல் கட்டையில் நிற்கும், அது முடியவே முடியாது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். கியருக்கும் பின்பக்கத்துக்கும் பொதுவாக இருப்பது ஆயில்தானே, ஓட ஓட இளகுவதும் அதுதானே என்றேன் நான். கடைசியில் பேசி முடித்தது இது: ஆயிலை மட்டும் மாற்றிப் பார்ப்பது. மாற்றியும் இரண்டாவது ஒழுங்காக விழவில்லை என்றால் அதிராம்பட்டினத்துக்குக் கொடுத்துவிடுவது, நான் மறுபேச்சுப் பேசக் கூடாது. அந்த இளைஞரும் சில நாள் பொறுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பட்டுக்கோட்டை சாலையில் எங்களுக்குப் பழக்கமான ஒர்க் ஷாப். மெக்கானிக்கும் எடுத்த எடுப்பில் பிரிக்கலாம் என்றார். முதலில் ஆயில் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அடியில் போல்ட்டைக் கழற்றினார். வந்தது ஆயிலா? வெல்லப்பாகு. இழுத்து இழுத்து விழுந்தது, கந்தக நாற்றத்தோடு. பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலில் இருந்ததும் அதே. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, இது டிராக்டருக்கு ஊற்றுகிற நூற்று நாற்பதாம் நம்பர் ஆயில் அல்லவா என்று மெக்கானிக் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அங்கேயே நின்று தம்பிக்கு போன் போட்டேன்.

ஆமாம், அவன்தான். நடவுக்கு முன்னால் டிராக்டருக்கு மாற்றும்போது இந்த வண்டிக்கும் இரண்டு பக்கமும் மாற்றியிருக்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு, அக்கம்பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். உனக்கு யாருடா சொன்னது, என்னை ஒரு வார்த்தை கேட்டாயா, ரெண்டு மாதமாக நான் என் கையை நொந்துகொண்டு கிடக்கிறேன் தெரியுமா என்று பொரிந்து தள்ளினேன். அவன் மெதுவாகத்தான் சொன்னான்.

"சேத்துல இழுக்குற வண்டியே அதுலதான் ஓடுது. உன் வண்டி அதைவிடப் பலமான வண்டியாச்சேன்னு ஊத்தினேன். பழைய டின்கூட இல்லக்கா, உனக்குன்னு புது டின் உடைச்சேன்."

அதற்கு மேல் என்னத்தைத் திட்டுவது? எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அதே கணக்குத்தான். பலமான வண்டிக்குக் கெட்டியான ஆயில். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு போனை வைத்தேன்.

இனி எந்த ஆயில் என்பது என் பாடு. கடைக்காரர் ஒரே டின்னை நீட்டினார், இரண்டுக்கும் இதுதாங்க, எல்லாரும் இதுதான் வாங்கிட்டுப் போறாங்க என்றார். டின்னைத் திருப்பிப் பார்த்தேன். டிஃபரன்ஷியலுக்கானது, கந்தகச் சேர்மம் நிறையப் போட்டது. அங்கே பல்லும் பல்லும் வழுக்கிக்கொண்டே நசுங்குகிற இடம், அதற்கு அந்தக் காப்பு வேண்டும். கியர்பாக்ஸ் கதை வேறு. அதற்குள்ளே பித்தளை வளையங்கள் உண்டு. கியர் மாறும்போது லேசாக உரசிப் பிடித்து, இரண்டு பல்சக்கரங்களின் வேகத்தையும் ஒன்றாக்குவது அவைதான். அளவுக்கு மீறி வழுக்கினால் பிடி கிடைக்காது, பல் அரைபடும். செம்பு கலந்த உலோகத்தைக் கந்தகம் என்ன செய்யும் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். என்னிடமே ஒரே டின்னா?

மெக்கானிக் வேறொரு வழி சொன்னார். நன்றாக மெல்லிய ஆயிலாகப் பார்த்து ஊற்றினால் கியர் வெண்ணெய் மாதிரி விழும், உங்கள் தோளுக்கும் சுகம், சாரும் ஒத்துக்கொள்வார், பந்தயத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். பொய் சொல்லவில்லை அவர். ஆசையாகத்தான் இருந்தது எனக்கு. ஒரு ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் எங்கள் ஊர் வெயிலில், சூடேறிய பெட்டியில், அந்த மெல்லிய ஆயில் தண்ணீராகிவிடும். பல்லுக்குப் பல் நடுவில் படலம் நிற்காது. என் கைக்குச் சுகம் வேண்டும் என்று வண்டியைத் தேய்ப்பதா? அப்படி ஜெயித்து இரண்டு வருடத்தில் அதைக் கட்டையில் ஏற்றுவதற்கு இப்போதே விற்றுவிடலாம்.

வண்டியோடு வந்த கையேட்டில் என்ன போட்டிருந்ததோ அதையே வரவழைத்தேன். கியர்பாக்ஸுக்கு எழுபத்தைந்து டபிள்யூ தொண்ணூறு என்கிற தடிமன், கந்தகம் குறைந்த ஜி.எல். நான்கு வகை. டிஃபரன்ஷியலுக்கு அதே தடிமனில் ஜி.எல். ஐந்து. அதிலும் உள்ளே உரசிப் பிடிக்கிற தட்டுகள் உள்ள டிஃபரன்ஷியலுக்கென்று தனிமருந்து கலந்தது, ஏனென்றால் அது இல்லாமல்தான் திருப்பத்தில் தட்டுகள் விட்டு விட்டுப் பிடித்துப் பின்பக்கம் உதறியிருக்கிறது. சென்னையிலிருந்து பார்சல் வந்தது. வண்டியைச் சமமாகத் தூக்கி நிறுத்தி, ஊற்றுகிற துளையின் மேல் போல்ட் கழல்கிறதா என்று முதலில் பார்க்கவைத்து, பிறகு வடித்து, துளையில் வழிகிற வரைக்கும் ஊற்றினோம். பக்கத்திலேயே நின்றேன். மெக்கானிக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சாவியை எடுத்தேன். தோள் பயிற்சியைச் செய்துவிட்டு வா என்றார் என் கணவர். மாட்டேன் என்றேன். வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாவது எடு என்றார், அதற்கும் மாட்டேன் என்றேன். ஆறின வண்டி, இறுகின தோள், அப்படித்தான் பார்க்க வேண்டும். அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

சந்து முனையில் ஒடித்துத் திருப்பினேன். பின்பக்கம் சத்தமே இல்லை. தெருவில் இரண்டாவதை இழுத்தேன். வெண்ணெய் எல்லாம் இல்லை. இழுக்கத்தான் வேண்டியிருந்தது, தோளில் சுரீரென்றது. ஆனால் டக்கென்று உட்கார்ந்தது. ஒரு தடவை விழுந்ததை யார் நம்புவார்கள்?

திருவையாற்றுச் சாலையில் ஏறினோம். குறுவை அறுவடை நேரம், சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். எதிரே பேருந்து வந்துகொண்டிருந்தது, ஒதுங்குகிற மாதிரி இல்லை. மூன்றாவதில் போய்க்கொண்டிருந்தவள் பிரேக்கை மிதித்து, ஆக்ஸிலேட்டரைத் தட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவதுக்கு இழுத்தேன். விழுந்தது. பேருந்துக்கும் நெல்லுக்கும் நடுவே நுழைந்து, அப்படியே மிதித்தேன். முதுகு இருக்கையோடு ஒட்டியது. அவர் முதுகும்தான்.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார். "கை வலிச்சுதா?"

"வலிச்சுது."

"ரொம்பவா?"

"ரொம்பத்தான். கியர் விழுந்துச்சுல்ல?"

அவர் போனை எடுத்து அதிராம்பட்டினத்து இளைஞருக்குப் போட்டார்.

"தம்பி, மன்னிச்சுக்கங்க. வண்டி கொடுக்கிறதா இல்ல. இங்கேயே ஓட்டுறதுக்கு ஆள் இருக்கு."