கடைப் போனில் பழகிய குரல்

டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு இன்டர்வியூ என்று கார்டு வந்தபோது, சுடலைமாடத்தி அதுவரை ஒரு தடவைகூடப் போனைக் கையில் எடுத்ததில்லை. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்துக் கிடந்த பெண். அப்பா பூதலிங்கம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்குத் திருவனந்தபுரம் வந்து, கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் சப்ளையராக இருந்தார். கரமனையில் அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் ஒன்றிலும் போன் கிடையாது. அது எழுபத்து மூன்றாம் வருடம்.

அடுத்த வீட்டு ஓமனாவுக்கும் அதே கார்டு வந்திருந்தது. அவளுடைய மாமா அரசு ஆபீஸில் கிளார்க். அங்கே போய் அவள் போனில் பேசிப் பழகிவிட்டாள்.

"எடீ, காதில ஒரு கருவி மாட்டி விடுவாங்களாம். அடுத்த ரூமில இருந்து சார் பேசுவாராம். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லணும்" என்றாள் ஓமனா. "நீ ஆத்யமா, முதல் தடவையா, அங்க போய்ப் போன் பிடிச்சா வாயே திறக்காது கேட்டோ."

"இன்னும் மூணு வாரம் கிடக்கே" என்றாள் மாடத்தி.

மறுநாள் ஊரின் பெரிய சந்தையான சாலைக் கம்போளத்துக்கு நடந்தாள். வன்னியபெருமாள் அங்கே மல்லி, வத்தல் மொத்த வியாபாரி. விருதுநகரிலிருந்து சரக்கு வரும். அவர் வெளியூர் ட்ரங்க் காலில் பேசினால் போன் இல்லாமலே விருதுநகருக்குக் கேட்கும் என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள்.

"அண்ணாச்சி, எனக்குப் போன் பேசிப் பழகணும்."

"போன் என்ன ஊஞ்சலா புள்ள, ஆடிப் பாத்துட்டுப் போறதுக்கு? யாரு மக நீ?"

"ஹோட்டல் பூதலிங்கம் மக."

"அவன் அனுப்பினானா?"

"அப்பாவுக்குத் தெரியாது. நீங்க மத்தியானம் சாப்பிடப் போற நேரம் போன் அடிச்சா எடுக்க ஆளில்லைன்னு கணக்கப்பிள்ளை சொன்னாவ. நான் எடுக்கேன். சொன்னதை எழுதி வைக்கேன். சம்பளம் ஒண்ணும் வேண்டாம்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். மாடத்தி அதையே சரி என்று எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

முதல் அழைப்பில் ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்தாள். கணக்கப்பிள்ளை திருப்பிக் கொடுத்தார். அண்ணாச்சியைப் பார்த்துக் கற்ற பாடம்தானே, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "காது போச்சு தாயி, மெல்லப் பேசு" என்றது எதிர்க்குரல். உரக்கப் பேசுவது வேறு, தெளிவாகப் பேசுவது வேறு என்று அன்றுதான் அவளுக்குப் புரிந்தது.

சாயங்காலங்களில் வேறு பயிற்சி. இரண்டு வீட்டுக்கும் நடுவே பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் ஓமனா பேப்பரைப் பார்த்து ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வாசிப்பாள். இந்தப் பக்கம் மாடத்தி திருப்பிச் சொல்வாள். அவள் நாக்கில் வழுக்கிய மலையாள எழுத்துகளை ஓமனா விடாமல் திருத்தினாள். மானாமதுரையிலும் கோவில்பட்டியிலும் ஓமனா தடுக்கி விழும்போது மாடத்தி தூக்கிவிட்டாள். ஒரே வேலைக்குப் போட்டி என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டாவது வாரம் வினை வந்தது. விருதுநகர் லைனில் ஒரே இரைச்சல். "லாரி இன்னைக்கு" என்பது கேட்டது, அடுத்தது கேட்கவில்லை. எத்தனை தடவை திருப்பிக் கேட்பது என்ற கூச்சத்தில் "சரி, சரி" என்று வைத்துவிட்டாள். 'லாரி இன்று வரும்' என்று எழுதினாள். சுமை இறக்கும் ஆட்கள் வேறு கடை வேலையை விட்டுவிட்டு, இருட்டும்வரை குத்தவைத்துக் காத்திருந்தார்கள். லாரி வந்தது மறுநாள்தான்.

அண்ணாச்சி அந்தக் கோபத்தை ஹோட்டலில் பூதலிங்கத்திடம் கொட்டினார். பூதலிங்கம் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி, நாலு பேரு முன்னால தலைகுனிய வச்சுட்டியே. நாளைக்கு அங்க போகாண்டாம்."

"போவேம்ப்பா. இதோட நின்னா அந்தத் தப்புதான் மிச்சமா நிக்கும்."

போனாள். கடைக்குள் நுழையுமுன் சாக்குகளின் மேல் உட்கார்ந்திருந்த ஆட்களிடம் போய் நின்றாள்.

"எனக்குச் சரியா கேக்கலை. கேட்ட மாதிரி எழுதிட்டேன். தப்பு என் பேருலதான்."

"கேக்கலைன்னா திருப்பிக் கேக்க வேண்டியதுதானே?" என்றார் ஒருவர்.

"வெக்கமா இருந்துச்சு."

"உன் வெக்கத்துக்கு எங்க பொழுது போச்சு" என்றவர், பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். மன்னித்தாரா இல்லையா என்று தெரியவில்லை.

அண்ணாச்சி வந்தபோது அவள் ரிசீவரும் கையுமாக இருந்தாள். "கேக்கலை, மறுபடியும் சொல்லுங்க... இல்ல, இன்னும் கேக்கலை." அவர் திட்டுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டு குடையைத் தேடினார்.

இன்டர்வியூவில் முதலில் இங்கிலீஷ் கேள்வி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அவசரம் என்றால் யாரை முதலில் இணைப்பாய்? நன்றாகத்தான் ஆரம்பித்தாள், பாதியில் வாக்கியம் உடைந்துபோனது. எழுந்து ஓடாமல், மலையாளத்தில் சொல்லட்டுமா என்று கேட்டு, சொல்லி முடித்தாள். பிறகு காதில் கருவி. வேண்டுமென்றே இரைச்சலைக் கலந்து பெயர்களும் எண்களும் வாசித்தார்கள். கேட்காததை எல்லாம் திரும்பச் சொல்லச் சொன்னாள். ஒரு பெயரை மூன்றாம் முறையும் கேட்டபோது மேஜைக்கு எதிரிலிருந்த அம்மாள் புருவத்தை உயர்த்தினார்.

"போகலாம்" என்றார்கள். அவ்வளவுதான்.

ஓமனாவுக்கு வேலை கிடைத்தது. மாடத்தியின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. ஓமனா இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. கரமனை ஆற்றுப் படித்துறையில் துணி துவைக்கிற சாக்கில் அழுதுவிட்டு வந்த மாடத்திதான் பலகையைத் தட்டினாள்.

"எடீ ஓமனா, டிரெயினிங்ல என்ன சொல்லித் தாராங்களோ அதைத் தினம் எனக்கும் சொல்லு. இடம் விழும்போது நான் தயாரா இருக்கணும்."

ஓமனா சொன்னாள். ஓணம் கழிந்து, அங்கே வேலை பார்த்த ஒரு பெண் கல்யாணமாகிப் பம்பாய்க்குப் போனாள்; இடம் விழுந்தது.

வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் போர்டில் மாடத்தி தனியாக உட்கார்ந்த முதல் நாள், முதல் அழைப்பு நாகர்கோவிலுக்கு. ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும், "சொல்லுங்க ட்ரிவேண்ட்ரம்" என்று காதுக்குள் வந்தபோது, வேறு யாரையோ கூப்பிட்டதுபோலப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் கடைசி நாள்வரை அவளைத் தமிழ்க்காரி என்று ஒதுக்கி, பாண்டிக்காரி என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஹலோ, ட்ரிவேண்ட்ரம்?"

"ட்ரிவேண்ட்ரம்தான் பேசுதேன்" என்றாள். நம்பரை ஒவ்வொரு எண்ணாக, மெல்லச் சொன்னாள். போர்டில் அடுத்த விளக்கு அதற்குள் எரியத் தொடங்கியிருந்தது.