ஐயாத்துரை மாற்றி எழுதிய பாரம்

தண்ணீர்த் தொட்டி கழுவும் என் தொழிலுக்கு லைசென்ஸ் கேட்டுக் கொடுத்த விண்ணப்பப் பாரத்தை மூன்று முறை திருப்பித் தந்தவர் ஐயாத்துரை. பத்து பாகாட் டவுனில் ஓர் அரசாங்கக் கவுண்டரில் அப்போது அவர் பாரம் வாங்கிச் சரிபார்க்கும் கிராணி. முதல் தடவை ஒரு கட்டத்தை நிரப்பவில்லை என்றார். அடுத்த தடவை தேதி தப்பு. மூன்றாவது தடவை, கறுப்பு மையில் எழுதாமல் நீல மையில் எழுதிவிட்டேனாம். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கோபம் ஆறவில்லை. அதே மனிதர் ஓய்வு பெற்று என் பக்கத்து வீட்டுக்கே குடிவந்தார்.

அவர் மனைவி யோகம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மகளுக்குச் சிங்கப்பூரில் வேலை. சர்க்கரை வியாதியால் அவர் இடது பாதத்தில் வந்த புண் ஏழு மாதமாகியும் ஆறவில்லை. எந்த மருந்துக்கும் கிருமி அசையவில்லை, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆளில்லை. என்னிடம் வேன் இருந்தது. அவ்வளவுதான், வேறு பெருந்தன்மை எதுவும் இல்லை.

அங்கே டாக்டர் பிரவீனா ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். என் தொழிலைக் கேட்டுக்கொண்டு விளக்கினார்.

“தொட்டிச் சுவர்ல வழவழன்னு ஒட்டியிருக்கும்ல அண்ணே, அது மாதிரிதான். கிருமிங்க கூட்டமா சேர்ந்து பிசின் மாதிரி ஒரு போர்வையைப் போத்திக்கிட்டு இருக்குதுங்க. மருந்து மேலயே நின்னுடுது.”

“நான் பிரஷ் போட்டுத் தேய்ப்பேன் டாக்டர்.”

“நாங்களும் சுரண்டுறோம். மறுபடியும் வந்துடுது. அதான் இந்த ஜெல்லுல மருந்தைக் குட்டிக் குட்டி உருண்டைக்குள்ள வச்சிருக்கோம். போர்வைக்குள்ள புகுந்துதான் உடையும்.”

“எவ்வளவு குட்டி?”

“ஒரு முடியோட தடிப்புல ஆயிரம் அடுக்கலாம்.”

கண்ணுக்கே தெரியாத உருண்டைக்குள் மருந்தை எப்படி அடைத்தார்கள்? எனக்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். ஒரே நிபந்தனை: புண்ணில் வேறு எதையும் போடக்கூடாது. அப்படி வேறு ஏதாவது போட்டீர்களா என்பதற்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று தினமும் ஒரு பாரத்தில் குறிக்க வேண்டும்.

காலையில் நான் புண்ணைக் கழுவி ஜெல் தடவுவேன், அவர் பாரத்தில் குறிப்பார். பன்னிரண்டு நாளாகியும் நாற்றம் குறையவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் காமாட் எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கினேன். கடல் அட்டையில் எடுப்பது, மலாய்க்காரர்கள் புண்ணுக்குப் போடுவார்கள். சொல்லாமல் நாலு சொட்டு விட்டேன்.

“அலமாக், என்னடா வாசனை இது?” என்றார். பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து ‘இல்லை’ என்று குறித்தார்.

நீல மைக்கு என்னைத் திருப்பி அனுப்பிய கை அது!

“ஐயா, பொய் எழுதுறீங்க.”

“உள்ளதை எழுதினா சோதனையிலிருந்து தள்ளிடுவாங்க. காலு போயிடும். வாயை மூடிக்கிட்டுக் கட்டு.”

அதற்கப்புறம் தினமும் எண்ணெய். தினமும் ‘இல்லை’.

ஒன்பதாவது வாரம் புண் மூடிக்கொண்டது. டாக்டர் விதவிதமாகப் படம் எடுத்தார், சிரித்தார். திரும்பும்போது வேனில் ஐயாத்துரை கேட்டார்.

“எதுடா ஆத்துச்சு? அந்தப் பிள்ளையோட உருண்டையா, உன் எண்ணெயா?”

“ரெண்டும் சேர்ந்து இருக்கும் லா.”

“ரெண்டும்னு அந்தப் பாரத்துல கட்டம் இல்லையே.”

எனக்கும் தெரியவில்லை. தொட்டி கழுவும்போதும் அதே யோசனைதான். கால் தப்பியது சந்தோஷம். ஆனால் எதனால் தப்பியது?

நாலு மாதம் கழித்து இதயக் கோளாறு என்று அவரை வார்டில் படுக்க வைத்தார்கள். கடைசியாகப் பார்த்த அன்று தலையணைக்கு அடியிலிருந்து தாள்களை எடுத்தார். புதுப் பாரம். நாள் வாரியாக, கறுப்பு மையில், எண்ணெய் போட்ட ஒவ்வொரு நாளுக்கும் ‘ஆம்’.

“இனிமே எதுக்கு ஐயா? காலுதான் நல்லா இருக்கே.”

“அடுத்து வர்றவனுக்கு ஜெல்லை மட்டும்தான் போடுவாங்க. ஆத்தினது உன் எண்ணெய்னா, அவன் காலு?”

“ஜெல்லுதான் ஆத்துச்சுன்னா? அந்தப் பொண்ணோட உழைப்பு வீணாப் போயிடாதா?”

“தெரியல சதாசிவம். தெரியலன்னாவது அவங்களுக்குத் தெரியட்டும்.”

தாள்களை என் கையில் திணித்தார்.

“கவுண்டர்ல வச்சிட்டு ஓடி வந்துடாத. பிரவீனா கையிலயே கொடு. திருப்பிக் கொடுத்தா மறுபடியும் கொண்டு போ, மூணு தடவை ஆனாலும் போ. வாங்கிக்கிட்டோம்னு ரப்பர் சாப் குத்தித் தராம நீ வீட்டுக்கு வராத.”