வார்ம்டூஷருக்குச் சாட்சி

“வெள்ளி. மழை. விடுதிப் பொறுப்பாளர் கூர்ட் இன்று கனகலிங்கத்தை ‘வார்ம்டூஷர்’ என்றார். சுடுநீரில் குளிப்பவன், அதாவது தொட்டாற்சுருங்கி. இச்சொல்லை ஆக்கியவர் தானே என்கிறார்.”

ஜெர்மனியில் அகதி விடுதியில் இருந்தபோது என் கொப்பியில் எழுதிய குறிப்பு இது. ஆண்டு இல்லை. மழையைக்கூடத் தவறாமல் எழுதியவனுக்கு ஆண்டு மறந்துபோகும் என்று அன்று தோன்றவில்லை.

போன கிழமை அதைத் தேடி எடுக்க வைத்தவள் கனகலிங்கத்தின் மகள் துஷ்யா. தகப்பனின் எழுபதாவது பிறந்தநாளை எங்கள் நகரின் ரூஜ் பகுதியில் உள்ள தன் வீட்டில் கொண்டாடுகிறாள். ‘ஜெர்மன்காரருக்கு ஒரு சொல் கொடுத்தவர்’ என்று ஸ்லைட் போடப் போகிறாளாம். அவளோடு வேலை செய்யும் ஜெர்மன் பெண்ணும் வருகிறாளாம்.

“நீங்கள்தானே அங்கிள் விட்னஸ். உது ட்ரூவோ? அவ சிரிச்சா அப்பா தாங்கமாட்டார்.”

கொப்பியைத் திறந்ததும் ஈரச் சுவரும் சவர்க்காரமும் மணத்தன. என் மூக்கை முழுதாக நம்ப வேண்டாம். விடுதியில் நாங்கள் பதினொரு தமிழர். வெள்ளிக்கிழமை விடியவே ஒருவர் பின் ஒருவராகத் தலைமுழுகிவிட்டுத்தான் சாமிப் படத்துக்கு முன்னால் நிற்போம். முதலில் உள்ளே போகிற கனகலிங்கம் லேசில் வெளியே வரமாட்டான். எங்கள் பக்தி முடியும்போது கொதிகலனில் சூடு மிஞ்சாது. பச்சைத்தண்ணீரில் குளித்தே வளர்ந்ததாகப் பெருமையடிக்கும் கூர்ட், அன்று தலையில் நுரையோடு, துவாயைச் சுற்றிக்கொண்டு, நடுங்கி வந்து அந்தச் சொல்லால் அவனைத் திட்டினார். அவர் ஏன் நடுங்கினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டது, சொல் யாருடையது என்று. என்னுடையதுதான், போ என்றார். என் ஆராய்ச்சி அவ்வளவுதான்.

அந்தப் பட்டத்தோடுதான் கனகலிங்கம் ஜெர்மனியை விட்டு இந்த நகரின் சென் ஜேம்ஸ் ரவுணுக்கு வந்திறங்கினான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தன்னால்தான் அந்தச் சொல் பிறந்தது என்ற கதையைச் சொல்லி, கடைசியில் என்னைக் காட்டுவான். நான் தலையாட்டுவேன்.

இந்தமுறை அகராதிகளைப் புரட்டினேன். அந்த நாடு முழுக்கப் புழங்கும் கேலி அது. முதலில் சொன்னவர் இன்னார் என்று ஒருவரும் அடித்துச் சொல்லவில்லை. மன்னிப்பை மூன்று விதமாக எழுதி வைத்துக்கொண்டு கனகலிங்கத்துக்குப் போன் எடுத்தேன். ஒன்றையும் வாசிக்க விடவில்லை.

“எனக்கு உது அங்கயே தெரியும் மச்சான். வேலையிடத்திலயும் சொல்லுறவங்கள். நீ கொப்பியில எழுதிப்போட்டாய். உன்னைப் பொய்யனாக்க ஏலுமே?”

ஸ்லைடை எடுக்கச் சொல்லவா என்று கேட்டேன்.

“இருக்கட்டும். கீழ, ‘கூர்ட் சொன்னபடி’ எண்டு போடச் சொல்லு.”

விடுதியை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். கூர்ட்டும் காலமாகிவிட்டார் என்று கேள்வி. அன்று அவர் என்னைத் துரத்துவதற்காக அப்படிச் சொன்னாரா, அல்லது அந்தச் சொல் தன்னுடையது என்றே நம்பினாரா என்பதை என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.