சிறுநீரகத்துக்குப் பூனை பிடிக்கும்

பயிற்சி காரில் ஓட்டப் பழகுபவருக்கு ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் வாத்தியாருக்கு இன்னொரு பிரேக். இருபத்தாறு வருடம் அந்த இரண்டாவது பிரேக்கின் மேலேயே கால் வைத்து உட்கார்ந்ததில், உலகமே தன் காலுக்குக் கட்டுப்பட்டது என்ற எண்ணம் டிரைவிங் வாத்தியாருக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் போனால் பஸ்ஸின் தரையை மிதிப்பார். டிவியில் யாராவது கார் ஓட்டினால் வீட்டுத் தரையை மிதிப்பார்.

"விடுங்க, அவன் போய் மோதினாத்தான் கதையே ஆரம்பிக்கும்" என்பாள் மனைவி.

அவருடைய ஒரே தம்பியும் அந்தக் காரில்தான் ஓட்டப் பழக வந்தான். நான்காம் நாள் நடுரோட்டில் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினான்.

"நான் மிதிக்கிறதுக்கு முன்னாடி நீ மிதிக்கிறே. அப்புறம் எனக்கு எதுக்கு ஸ்டியரிங்? ஆட்டிக்கிட்டு இருக்கவா?"

அன்றோடு பேச்சு நின்றது. ஆறு தெரு தள்ளி இருந்துகொண்டு அண்ணனும் தம்பியும் மூன்று வருடம் முகம் பார்க்கவில்லை. பிறகு தம்பியின் மோட்டார் சைக்கிள் ஒரு லாரியின் பின்னால் மோதியது. மூளைச் சாவு என்றார்கள். கல்யாணமாகாதவன், உறுப்பு தானத்துக்குக் கையெழுத்துப் போட அண்ணனைத் தவிர யாரும் இல்லை. வாத்தியார் போட்டார்.

யாருடைய உறுப்பு யாருக்குப் போகிறது என்று சொல்லக்கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. டாக்டர்கள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் வராந்தாவில் இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. அதன் ஒரு முனையில் வாத்தியார் அழுதுகொண்டிருந்தார். மறு முனையில் ஒரு பெண், மடியில் துணிப்பையும் பிளாஸ்க்குமாக, சந்தோஷம் முகத்தில் தெரியாமலிருக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தம்பியின் சிறுநீரகம் போய்ச் சேர்ந்த அவள் கணவர் பஸ் நிலையத்தருகே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். இரண்டாம் மாதம் வாத்தியார் அங்கே போய் நின்றார். அதிலிருந்து ஒரு ஞாயிறு தவறவில்லை.

"தண்ணி எத்தனை லிட்டர் குடிச்சீங்க? மாத்திரை நேரத்துக்குப் போட்டீங்களா?" என்று விசாரித்து முடித்ததும் தம்பி புராணம் தொடங்கும். உயிரோடிருந்தவரை அவன் திமிர் பிடித்தவன், சொல்பேச்சு கேளாதவன். செத்த இரண்டே மாதத்தில் அவனுக்குக் கிடைத்த பதவி உயர்வுகள், உயிரோடிருக்கும் யாருக்கும் கிடைக்காதவை. தங்கமான பையனானான். பழைய பாட்டு என்றால் உருகுபவனானான். காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பவனும் ஆனான்.

அடுத்த வாரம் ஜெராக்ஸ்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அண்ணே, சிரிக்கக்கூடாது. இப்பெல்லாம் பழைய பாட்டு கேட்டா எனக்குக் கண்ணு கலங்குது."

அதற்கடுத்த வாரம் அவருக்கு ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. கண்ணாடி மேல் தாளைக் கவிழ்த்தால் அடுத்த நொடி நகல் வருவது அந்தக் கடையின் தொழில். இந்த வேலைக்கு மட்டும் ஒரு வாரம் பிடித்தது.

வாத்தியார் வீட்டுக்கு மிதந்துகொண்டு வந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"கிட்னி பாட்டு கேக்குமா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"பழைய பாட்டு கேக்கிறது நீங்க. அஞ்சு மணிக்கு எழுந்து பாத்திரத்தை உருட்டுறதும் நீங்க. உங்க தம்பிக்கு என்ன பிடிக்கும்னு உங்களுக்கு என்ன தெரியும்? இப்படியே போனா அந்த மனுஷன் இன்னும் ஆறு மாசத்துல தரையை மிதிக்க ஆரம்பிச்சிடுவாரு."

சுருக்கென்றது. அந்த வாரம் வாத்தியார் ஒரு பரீட்சை வைத்தார்.

"அவனுக்குப் பூனைன்னா உயிரு" என்றார். தம்பிக்குப் பூனையைக் கண்டாலே ஆகாது, செருப்பைக் கழற்றி எறிவான்.

மறு ஞாயிறு, ஜெராக்ஸ் மெஷினின் சூடான மூடி மேல் ஒரு மஞ்சள் பூனை சுருண்டு படுத்திருந்தது.

"என்னமோ தெரியல அண்ணே. ரோட்டுல பார்த்தேன், விட்டுட்டு வர மனசில்ல. உள்ளேருந்து யாரோ தூக்குன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

வாத்தியாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த இடத்திலேயே சிரித்துக் குட்டை உடைத்திருக்கலாம். ஆனால் உடைத்தால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். மூன்று வருடம் வாய் திறக்காத தம்பி, வாரம் ஒரு மணி நேரம் 'அண்ணே' என்று கூப்பிடுவதும் போய்விடும். ஏமாறுகிறோம் என்று கண்டுபிடிக்க அறிவு போதும்; 'நிறுத்து' என்று சொல்ல வேறு ஏதோ வேண்டியிருக்கிறது. அது அவரிடம் இல்லை.

"ஆமா, அவன் அப்படித்தான்" என்று பூனையைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மூன்று வாரம் கழித்து ஜெராக்ஸ்காரரின் மனைவி போன் செய்தாள்.

"அண்ணா, பூனை கீறிடுச்சு. நாலு நாளா காய்ச்சல், ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு உடம்புல எதிர்ப்பு சக்தி கம்மி, பூனை கீனை வேணாம்னு டாக்டர் அப்பவே சொன்னாரு. கொடுத்தவங்களுக்குப் பிடிச்சதை எப்படி விரட்டுறதுன்னு சொல்லி, இவர் டாக்டர் பேச்சைக் கேக்கல. கிட்னி தாங்குமான்னு நாளைக்குத்தான் தெரியுமாம்."

அதே வராந்தா, அதே பெஞ்சு. இம்முறை அழும் முனையில் அவள் உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் மறு முனையில் உட்கார்ந்து தரையை மிதித்துக்கொண்டே இருந்தார். தம்பியை ஒரு லாரி கொன்றது, மிச்சமிருந்ததைத் தன் வாய் கொல்லப் பார்க்கிறது என்று தோன்றியது. தோன்றியது சரிதான்.

மறுநாள் பகல் காய்ச்சல் இறங்கியது. கிட்னி தப்பித்தது என்றார்கள். உள்ளே போனதும் வாத்தியார் உட்காரக்கூட இல்லை.

"அவனுக்குப் பூனையே பிடிக்காது. நான்தான் பொய் சொன்னேன்."

ஜெராக்ஸ்காரர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். "எனக்கும் பிடிக்காது அண்ணே. தும்மல் வரும்."

"அப்ப பாட்டு?"

"தூக்கம் வரும்."

"அஞ்சு மணி?"

"எட்டரைக்கு முன்னாடி நான் எழுந்ததா சரித்திரமே கிடையாது. அவளைக் கேளுங்க."

"ஏன்யா இப்படிப் பண்ணினே?"

"வாராவாரம் வந்து என் வயித்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. ஒண்ணும் சொல்லலைன்னா உங்க முகம் தொங்கிடும். இவ்வளவு பெரிசா வாங்கிட்டு, நானும் எதையாவது கொடுக்க வேணாமா?" வாத்தியார் பக்கம் திரும்பினார். "நான் நானா இருந்தா வருவீங்களா, அண்ணே?"

வாத்தியாரின் கால் ஆஸ்பத்திரித் தரையை அழுத்தியது.

"முதல்ல தண்ணி குடி" என்றார்.

"கையில டம்ளரை எடுத்துட்டேன், அதுக்குள்ள சொல்றீங்க. நானா குடிக்க ஒரு நிமிஷம் விட மாட்டீங்களா?"

வாத்தியார் திடுக்கிட்டார். நடுரோட்டில் கதவு சாத்திய கதையை மட்டும் அவர் எந்த ஞாயிற்றுக்கிழமையும் சொன்னதில்லை. ஒரு கணம் உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் அவருடன் அரை மணி நேரம் இருந்த யாரும் சொல்லக்கூடியதுதான் அது. அதைக் கண்டுபிடிக்கத் தம்பியின் சிறுநீரகம் தேவையில்லை, கண் இருந்தால் போதும். சிலிர்ப்பு அடங்கியதும் அது அவருக்கே புரிந்தது.

ஜெராக்ஸ்காரர் குடித்து முடிக்கும்வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய சாதனையில்லை, ஒரு டம்ளர் தண்ணீர்தான்.

பூனையை எடுத்துக்கொள்ள யாரும் இல்லாததால் அது வாத்தியார் வீட்டுக்கு வந்தது. "வாங்க கொழுந்தனாரே" என்று மனைவி பால் ஊற்றினாள்.

கடை திறந்த முதல் ஞாயிறு வாத்தியார் போனார். ஜெராக்ஸ்காரர் ஒரு மணி நேரம், மெஷினில் பேப்பர் சிக்குவதைப் பற்றியும் மழைக்காலத்தில் அது இன்னும் மோசமாகச் சிக்குவதைப் பற்றியும் பேசினார். தம்பிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வாத்தியாருக்கு இரண்டு தடவை கொட்டாவி வந்தது.

அடுத்த ஞாயிறும் போனார்.